குட்டி யானைக்கு பயோடீசல்: பதினான்கு மாதம் ஊற்றிப் பார்த்த பிறகு

என்னிடம் இருப்பது 2009 மாடல் டாடா ஏஸ். குட்டி யானை என்று சொன்னால்தான் எங்கள் பக்கம் தெரியும். விடியற்காலையில் காசிமேட்டில் மீன் பெட்டி ஏற்றிக்கொண்டு பெரம்பூர், கொளத்தூர், மாதவரம் என்று இறக்குவேன். பகலில் எந்த லோடு கிடைக்கிறதோ அது. 2024 மார்ச்சிலிருந்து இந்த வண்டிக்கு டீசலோடு, பொரித்து மிஞ்சின சமையல் எண்ணெயிலிருந்து செய்கிற பயோடீசலைக் கலந்து ஊற்றி வருகிறேன். இதை எழுதுகிற 2025 மே வரை பதினான்கு மாதம், இருபத்தோராயிரம் கிலோமீட்டர். ஸ்டாண்டில் வாரத்துக்கு இரண்டு பேராவது இதைப் பற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பாதி சொல்வதைவிட, நல்லது கெட்டது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

வாங்குவது மாதவரம் பக்கம் ஒரு ஷெட்டில். பெயர் போடவில்லை. ஒரு தடவை அவர்கள் சரக்கு என்னை நடுரோட்டில் நிறுத்தியிருக்கிறது, அதையும் சொல்லப் போகிறேன். தப்பை ஒத்துக்கொண்டு சரிசெய்தவர்களைப் பெயர் சொல்லி இழுப்பது முறையில்லை.

அந்த ஷெட்டுக்கு நான் முதலில் போனது வாங்குவதற்கு அல்ல, லோடு இறக்குவதற்கு. சௌகார்பேட்டையிலும் பெரம்பூரிலும் ஓட்டல், ஸ்வீட் ஸ்டால், சிப்ஸ் கடைகளில் பொரித்து முடித்த எண்ணெயை டின்னில் வாங்கிக்கொண்டு அங்கே சேர்க்க வேண்டும். ஆறு மாதம் அந்த வேலை. டின்னைத் திறந்தால் கறுப்பாக இருக்கும். அடியில் கருகின மாவும் மிளகாய் விதையும் கிடக்கும். கையில் பட்டால் சோப்புக்கும் போகாது, பிசின் மாதிரி ஒட்டும். "இதுக்கு முன்னாடி இதெல்லாம் எங்கண்ணே போச்சு?" என்று ஒரு சிப்ஸ் கடை அண்ணனைக் கேட்டேன். "தள்ளுவண்டிக்காரங்க வந்து வாங்கிப்பாங்கப்பா, பாதி வெலைக்கு" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஸ்கூல் விட்டு வரும் வழியில் என் பிள்ளைகள் வாங்கித் தின்கிற பஜ்ஜி எந்த டின்னில் பொரித்ததோ.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெயில் போலார் காம்பவுண்ட் என்கிற கெட்டுப்போன பொருள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல் விதி வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்க ரூகோ என்ற திட்டத்தையும் அதே வருடம் ஆகஸ்டில் ஆரம்பித்தார்கள். நான் தூக்கிப் போட்ட டின்களெல்லாம் அந்த வழியில் போனவைதான்.

ஷெட்டில் நடக்கிற வேலை பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. எண்ணெயை வடிகட்டி, சூடுபண்ணித் தண்ணீரை விரட்டுகிறார்கள். அப்புறம் மெத்தனால் என்கிற விஷச் சாராயமும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து அறுபது டிகிரிக்குள் சூடு வைத்துக் கலக்குகிறார்கள். நிறுத்திவிட்டால் சில மணி நேரத்தில் கிளிசரின் கரும்பழுப்பாக அடியில் இறங்கிவிடும். மேலே நிற்பது பயோடீசல். அதைக் கழுவி, ஈரம் போக்கி, மறுபடி வடிகட்டினால் தேன் நிறத்துக்கு வரும். நூறு கிலோ எண்ணெய்க்குப் பத்து கிலோ மெத்தனால் போட்டால் ஏறக்குறைய நூறு கிலோ பயோடீசலும் பத்து கிலோ கிளிசரினும் கிடைக்கும் என்று அந்த ஓனர் கணக்குச் சொன்னார். முதல் தடவை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெயிலுக்கு எதிரே காட்டினார். பாட்டிலுக்குப் பின்னால் இருந்த காலண்டரில் தேதி படிக்க முடிந்தது. நான் அன்று காலை இறக்கின கறுப்பு எண்ணெயும் இதுவும் ஒரே சரக்கு என்பதை நம்பவே நேரம் பிடித்தது.

இதை வீட்டில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: வேண்டாம். மெத்தனால் குடிக்கவே வேண்டாம், ஆவியை இழுத்தாலும் தோலில் பட்டு ஊறினாலும் ஆபத்து, கண் போய்விடும். பற்றிக்கொண்டால் அதன் நெருப்பு பகலில் கண்ணுக்கே தெரியாது. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கமும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் எத்தனை குடும்பம் போயிற்று. கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபது பேருக்கு மேல். எல்லாம் இதே மெத்தனால். லைசென்ஸ் இல்லாமல் அதை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். சந்துக்குள் வீடும் வீடும் ஒட்டிக்கொண்டிருக்கிற நம் பேட்டைகளில் இந்த விஷப்பரீட்சை கூடவே கூடாது.

சரி, வண்டிக்கு வருவோம்.

நான் ஊற்றுவது இருபது சதவீதம். இருபது லிட்டர் டீசலுக்கு ஐந்து லிட்டர் பயோடீசல். முதலில் பெட்ரோல் பங்கில் டீசல் போட்டுவிட்டு, அதன் மேல் பயோடீசலை ஊற்ற வேண்டும். பயோடீசல் கனம் அதிகம். முன்னால் ஊற்றினால் டேங்க் அடியிலேயே தங்கிவிடும். மேலே ஊற்றினால் தண்டையார்பேட்டை ரோட்டுப் பள்ளங்களே கலக்கிவிடும், வேறு கரண்டி தேவையில்லை.

முதல் பன்னிரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. பதின்மூன்றாம் நாள் லோடோடு இழுக்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் வருகிறது, ஓட்டம் வரவில்லை. எனக்கு வியாசர்பாடியில் பழக்கமான மெக்கானிக் பாய் இருக்கிறார், இருபது வருடமாக டீசல் பம்ப் வேலைதான். டீசல் பில்டரைக் கழற்றி கிண்ணத்தில் கவிழ்த்தார். கறுப்புச் சேறாக விழுந்தது. "வண்டி மேலயும் தப்பு இல்ல, ஆயிலு மேலயும் தப்பு இல்ல. டேங்க்ல பதினஞ்சு வருஷ அழுக்கு. இது சோப்பு மாதிரி கழுவி எடுத்துட்டு வந்துடுச்சு" என்றார். பழைய வண்டியில் யார் ஆரம்பித்தாலும் இது நடக்கும். முதல் மாதம் ஒரு பில்டரைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு பில்டர் போயிற்று, அதன்பிறகு சுத்தம்.

அடுத்தது ஹோஸ். மூன்றாவது மாதம், மிஞ்சின டீசலை டேங்குக்குத் திருப்புகிற ரிட்டர்ன் ஹோஸ் பக்கத்தில் கசிவு. பாய் அதைக் கழற்றி என் கையில் கொடுத்து நகத்தால் அழுத்தச் சொன்னார். ரப்பரில் நகம் பதிந்தது, எடுத்த பிறகும் அந்தப் பள்ளம் அப்படியே நின்றது. பயோடீசல் சாதா ரப்பரை ஊறவைத்து மெதுவாகத் தின்றுவிடும். வைட்டான் என்று ஒரு ரகம் இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகாது. பம்பிலிருந்து ரிட்டர்ன் வரைக்கும் எல்லா ஹோஸையும் அதில் மாற்றினேன். ஆயிரத்துச் சொச்சம் ஆயிற்று. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். விற்கிறவர் இதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். இவர் சொல்லவில்லை, எனக்கு அது ஒரு குறை.

பணம் மிச்சமா? இல்லை. இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். 2025 கணக்குப்படி டீசல் 92 ரூபாய் சொச்சம். நான் வாங்கின பயோடீசல் 84. மாதம் எண்பத்து மூன்று லிட்டர் எரிபொருள் ஓடுகிறது, அதில் பயோடீசல் பதினேழு லிட்டர் போல வரும். விலையில் மிச்சம் நூற்று நாற்பது ரூபாய். ஆனால் பயோடீசலில் சக்தி லிட்டருக்கு எட்டு சதவீதம் வரை குறைவு. தனி டீசலில் 18.5 கொடுத்த வண்டி இருபது சதவீதக் கலப்பில் 18.2 கொடுக்கிறது. அந்த வித்தியாசத்துக்கு மாதம் ஒன்றரை லிட்டர் கூடுதலாகப் போகிறது. விலையில் மிஞ்சின நூற்று நாற்பதும் அங்கே போய்விட்டது. காசுக்காக இதில் இறங்குகிறவர்கள் இறங்க வேண்டாம்.

நான் இதை விடாமல் வைத்திருப்பது புகைக்காக.

வண்டி நிற்பது எங்கள் சந்து முனையில். இரவு இரண்டரைக்கு ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டால்தான் இந்தப் பழைய எஞ்சின் லோடு இழுக்கும். அந்த ஐந்து நிமிடப் புகை எதிர்வீட்டு ஜன்னலுக்குள் போகும். அங்கே ஒரு ஆயா, வீசிங் உள்ளவர். நான் சாவி போடுகிற சத்தம் கேட்டதும் அவர் எழுந்து வந்து ஜன்னலைச் சாத்துவார். ஒரு நாள்கூட என்னைத் திட்டியதில்லை. "பொழப்பு இல்லியாப்பா, நீ என்னா செய்வே" என்பார். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். எங்கள் பக்கத்தில் ஏற்கனவே என்ன குறைச்சல்? மணலியில் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையம், ராத்திரி பகல் பாராமல் கன்டெய்னர் லாரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் படகும் வலையும் கறுத்துக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அதையெல்லாம் என்னால் நிறுத்த முடியாது. என் சைலன்சர் ஒன்றுதான் என் கையில் இருக்கிறது.

2024 மார்ச்சில் பயோடீசல் ஊற்றுவதற்கு முன் எடுத்த புகை டெஸ்டில், புகையின் அடர்த்தியைக் காட்டுகிற கே வேல்யூ 2.1. என் மாடல் வண்டிக்கு 2.45 வரை அனுமதி, அதனால் பாஸ்தான். செப்டம்பரில் இருபது சதவீதக் கலப்போடு எடுத்தபோது 1.5. டெஸ்ட் எடுக்கிற பையன் இன்னொரு தடவை மிதிக்கச் சொன்னான், மறுபடியும் 1.5. இடையில், எஞ்சினுக்குள் டீசலைத் தூவுகிற நாசிலைத் தொடவில்லை. பில்டர் மட்டும் புதுசு, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் இயற்கையாகவே ஆக்சிஜன் இருப்பதால் கரி குறைவாக விழுகிறது என்பது காரணம். அதற்காக எல்லா விஷமும் குறைந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. நைட்ரஜன் ஆக்சைடு கொஞ்சம் கூடத்தான் செய்யும் என்கிறார்கள். ஆனால் கண்ணை எரிக்கிற அந்தக் கறுப்பு குறைந்தது நிஜம். ஆயா இப்போது ஜன்னலைச் சாத்துவதில்லை. நானாகக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு வாரம் கவனித்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

எஞ்சின் சத்தமும் மெத்தென்று ஆகியிருக்கிறது. பாய் அதற்கு ஒரு காரணம் சொன்னார். 2020 ஏப்ரலிலிருந்து வருகிற டீசலில் கந்தகத்தை பத்து பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் பத்து பங்கு அளவுக்குக் குறைத்துவிட்டார்கள், நல்லதுதான். ஆனால் கந்தகத்தை எடுக்கிற வேலையில் டீசலின் வழுவழுப்பும் கொஞ்சம் போகிறது. பழைய பம்புகளுக்கு அந்த வழுவழுப்புதான் உயிர். பயோடீசல் ஒன்றிரண்டு சதவீதம் கலந்தாலே அது திரும்ப வந்துவிடும்.

முழுக்க பயோடீசலிலும் ஒரு டேங்க் ஓட்டிப் பார்த்தேன், 2024 மே மாதம். புகையே இல்லை என்று சொல்லலாம். வாசனை சுட்ட அப்பளம் மாதிரி. மைலேஜ் 17. லோடோடு மூலக்கடை மேம்பாலம் ஏற வழக்கமாகத் தேர்ட் கியர் போதும். அன்று செகண்டுக்கு இறங்க வேண்டியிருந்தது. என் வேலைக்கு அது சரிப்படவில்லை, இருபதுக்கே திரும்பிவிட்டேன். ஊட்டி, பெங்களூரு லைன் போகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். நம் ஊர்க் கடை எண்ணெயில் பெரும்பாலும் பாமாயில். அந்த பயோடீசல் பதினைந்து டிகிரி பக்கத்திலேயே கலங்கி உறைய ஆரம்பிக்கும். சென்னையில் மார்கழி விடியலிலும் அந்தக் குளிர் வராது. மலை ஏறினால் பில்டர் அடைத்துவிடும்.

இனி அந்த டிசம்பர் சமாச்சாரம். ஃபெஞ்சல் புயல் மழை ஓய்ந்த வாரம் இரண்டு கேன் வாங்கினேன். அதுவரை ஒன்பது மாதம் ஒரு குறையும் இல்லாததால் பார்க்காமலேயே ஊற்றிவிட்டேன். இரண்டாம் நாள் விடியற்காலை நான்கு மணி, முப்பத்தெட்டு பெட்டி மீன், பேசின் பிரிட்ஜ் ஏறும்போது வண்டி மூச்சு திணறுவது போல விட்டு விட்டு இழுத்து நின்றுவிட்டது. செல்போன் வெளிச்சத்தில் டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றிப் பார்த்தேன். இரண்டு நிமிடம் ஓடும், நிற்கும். பில்டரைத் திறந்தால் வெண்ணெயும் இல்லாத, தயிரும் இல்லாத வெள்ளையாக ஏதோ ஒன்று விரலில் வழுக்கியது. பெட்டிகளிலிருந்து ஐஸ் கரைந்து ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரம்பூர் வியாபாரி போன் மேல் போன். கடைசியில் ஸ்டாண்டுத் தம்பி ஒருவன் அவன் வண்டியைக் கொண்டுவந்து பெட்டிகளை மாற்றிக்கொண்டு போனான். வாடகை ஆயிரத்து எண்ணூறு போயிற்று, கூடவே அந்த வியாபாரி ஒரு மாதம் என்னைக் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து மீதி இருந்த கேனிலிருந்து ஒரு பாட்டிலில் பாதி ஊற்றினேன், பாதி தண்ணீர். மூடிக் குலுக்கி ஜன்னல் மேல் வைத்தேன். நல்ல பயோடீசலாக இருந்தால் அரை மணி நேரத்துக்குள் இரண்டும் கோடு போட்ட மாதிரி பிரிந்துவிடும்: மேலே தேன் நிறம், கீழே தண்ணீர். இது பிரியவில்லை. ஒரு மணி நேரம் ஆகியும் பாட்டில் முழுக்க மோர் கலந்த மாதிரி நின்றது. சரியாகக் கழுவாததால் உள்ளே சோப்பு தங்கியிருக்கிறது, அதோடு ஈரமும் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பயோடீசல் காற்றில் இருக்கிற ஈரத்தையே இழுக்கிற சரக்கு; அந்த மழையில் கேட்கவா வேண்டும்.

பாட்டிலை அப்படியே எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். ஓனர் வாதாடவில்லை. தன்னிடம் மிச்சமிருந்த அதே டிரம்மிலிருந்து எடுத்து என் கண் முன்னால் குலுக்கினார், அதே மோர். மெத்தனாலில் கரைத்துப் பார்க்கிற சோதனையும் செய்தார்: இருபத்தேழு மில்லி மெத்தனாலில் மூன்று மில்லி சரக்கு விட்டால் முழுக்கக் கரைய வேண்டும், மாறாத எண்ணெய் இருந்தால் சொட்டுச் சொட்டாக அடியில் நிற்கும். அது தேறியது, ஆகவே கோளாறு கழுவினதிலும் உலர்த்தினதிலும்தான். அவசரத்தில் ஆட்கள் உலர்த்தாமல் டிரம்மில் அடைத்திருக்கிறார்கள். இரண்டு கேனுக்கும் வேறு கேன் கொடுத்தார், பில்டர் காசும் கொடுத்தார். வாடகை நஷ்டம் கேட்டதற்கு முடியாது என்றுவிட்டார். பாதியாவது கொடுத்திருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்கு நினைப்பு உண்டு. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு கேனிலும் தயாரித்த தேதி எழுதி ஒட்டுகிறார்கள். அது நான் கேட்டு வந்த பழக்கம். ஆறு மாதத்துக்கு மேல் பழசானதை நானும் எடுப்பதில்லை.

இதே சமயத்தில் மணலி ரோட்டுப் பக்கம் எழுபது ரூபாய்க்கு பயோடீசல் கிடைக்கிறது என்று ஒருவர் சொன்னார். ஒரு லிட்டர் வாங்கிப் பார்த்தேன். மண்ணெண்ணெய் வாடை. காசிமேட்டில் மீன் நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசில் பாட்டில் எடையைக் கழித்துவிட்டு வைத்தேன்: 800 கிராம். நான் வழக்கமாக வாங்குவது லிட்டர் 870 கிராம் நிற்கும். டீசலே இதைவிடக் கனமாகத்தான் இருக்கும். அதைவிட லேசான ஒன்று எப்படி பயோடீசல் ஆகும்? பயோடீசல் நூறு டிகிரிக்கு மேல் சூடானால்தான் பற்றும். அந்தச் சரக்குக்கு ஒரு தீக்குச்சியே போதும் போலிருந்தது, லாரி டிரைவர்கள் கேபினுக்குப் பின்னால் அதை வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள். 2019 ஏப்ரலில் வந்த மத்திய அரசு வழிமுறைப்படி டீசலில் கலப்பதற்கு மட்டுமே, அனுமதி வாங்கின இடத்தில் மட்டுமே இதை விற்கலாம். பில் கேளுங்கள். ஐ.எஸ். 15607 தரத்துக்கு லேப் ரிப்போர்ட் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

வடிகட்டின பஜ்ஜி எண்ணெயை நேராக ஊற்றினால் என்ன என்று கேட்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்தவர் காலத்திலேயே வேர்க்கடலை எண்ணெயில் ஓட்டினார்கள் என்பார்கள். அது உண்மைதான். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சின்ன டீசல் எஞ்சினை வேர்க்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். ருடால்ஃப் டீசலே அதைப் பிற்பாடு எழுதியிருக்கிறார். ஆனால் கண்காட்சியில் சில நாள் ஓடுவது வேறு, தினம் கடலுக்குப் போய் வருவது வேறு. காசிமேட்டில் என் சிநேகிதன் ஃபைபர் போட் எஞ்சினுக்கு நான்கு மாதம் அப்படி ஊற்றினான். முதல் மாதம் பிரமாதம் என்றான். அப்புறம் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை, வெள்ளைப் புகை, இழுவை இல்லை. பாய் நாசிலைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். நாசில் முனை ஊசி முனை மாதிரி பளிச்சென்று இருக்க வேண்டும். அதைச் சுற்றிக் கரி வளர்ந்து, ஊமத்தம்பூ விரிந்த மாதிரி நின்றது. அந்தப் பூவுக்கு நடுவிலிருந்து எண்ணெய் தூவலாக வராமல் பீச்சலாக வந்திருக்கிறது. எரியாத எண்ணெய் பிஸ்டன் ரிங் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலந்து அதை அல்வா பதத்துக்குக் கொண்டுபோய்விட்டது. டிரெயின் நட்டைத் திறந்தால் ஆயில் ஒழுகவில்லை, குச்சி விட்டுக் கிண்ட வேண்டியிருந்தது. ரிங் செட், நாசில், பேரிங் எல்லாம் புதுசு. பதினெட்டாயிரம்.

காரணம் கெட்டித்தன்மை. நாற்பது டிகிரி சூட்டில் டீசலின் கெட்டித்தன்மை 2-லிருந்து 4.5 வரை, சமையல் எண்ணெய்க்கு 30-க்கு மேல், பயோடீசல் 4, 5 பக்கம் வந்துவிடும். அந்த மெத்தனால் வேலை முழுவதும் இந்த ஒரு இறக்கத்துக்காகத்தான். இரண்டு டேங்க் வைத்து, டீசலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் தண்ணீர்ச் சூட்டில் எண்ணெயைக் காய்ச்சி அதற்கு மாறி, நிறுத்துவதற்கு முன் மறுபடி டீசலுக்கு வருகிற முறை ஒன்று உண்டு. நூறு கிலோமீட்டர் நிற்காமல் ஓடுகிற வண்டிக்கு அது ஒத்துவரலாம். தெருவுக்குத் தெரு நிறுத்தி இறக்குகிற எனக்கும், கரையிலிருந்து கிளம்புகிற அவனுக்கும் ஒத்துவராது.

புது வண்டி வைத்திருப்பவர்களுக்கு: ஊற்றாதீர்கள். என் மச்சான் பிஎஸ்6 என்கிற புதுப் புகை விதிப்படி வந்த பிக்கப் வைத்திருக்கிறான். "மாமா, உன் வண்டிக்கு ஒண்ணும் ஆகல, எனக்கு என்னா ஆயிடும்?" என்று எனக்குத் தெரியாமல் பாதிக்குப் பாதி ஊற்றினான். மூன்று வாரத்தில் டிப்ஸ்டிக்கில் எஞ்சின் ஆயில் குறைவதற்குப் பதில் மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தது. அந்த வண்டிகளில் புகைக் கரியை எரிக்க ஒரு பில்டர் இருக்கிறது. அதைச் சூடாக்க அவ்வப்போது கூடுதலாக டீசல் தெளிக்கும். டீசல் ஆவியாகிவிடும். பயோடீசல் சீக்கிரம் ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் இறங்கும். ஆயில் நீர்த்துப்போனால் பேரிங் போகும். நல்ல வேளையாக அதற்குள் பார்த்துவிட்டோம், ஆயில் மாற்றியதோடு முடிந்தது. பங்க் டீசலிலேயே ஏழு சதவீதம் வரை பயோடீசல் இருக்கலாம் என்று தர விதி அனுமதிக்கிறது. புது வண்டிக்கு அதற்கு மேல் வேண்டாம், கம்பெனி புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். என்னுடையது எலக்ட்ரானிக்ஸ் இல்லாத பம்ப், 702 சிசி, இரண்டு சிலிண்டர். எண்ணெய் நேராகப் பிஸ்டன் தலைக்கு வராமல் பக்கத்து அறையில் எரிந்து வருகிற பழைய அமைப்பு. அதனால்தான் பொறுத்துக்கொள்கிறது.

பாயிடம் வருகிற வயதானவர்கள் சிலர், காட்டாமணக்கு வந்த மாதிரி இதுவும் வந்து போகும் என்கிறார்கள். 2002 டிசம்பர் 31 அன்று டெல்லி–அமிர்தசரஸ் சதாப்தி ரயிலை ஐந்து சதவீதம் பயோடீசலில் ஓட்டினார்கள். அப்புறம் விதையிலிருந்து பயோடீசல் எடுக்கலாம் என்று ஊரெல்லாம் காட்டாமணக்கு நடச் சொன்னார்கள், நட்டவர்கள் கைக்குக் காசு வரவில்லை. ரயில்வே நாளுக்கு முப்பது டன் பயோடீசலுக்கு இரண்டு ஆலை போட எடுத்துக்கொண்டபோது ஒன்று ராய்ப்பூருக்கும் இன்னொன்று எங்கள் தண்டையார்பேட்டைக்கும் வந்தது. அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் காட்டாமணக்கை நிலத்தில் நட்டு, தண்ணீர் விட்டு, வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பொரித்த எண்ணெய் இன்று சாயங்காலமே ஒவ்வொரு கடை வாசலிலும் டின்னில் நிற்கிறது. அது வண்டிக்குப் போகாவிட்டால் தள்ளுவண்டிக்குத்தான் போகும்.

என்னுடையது போலப் பழைய பம்ப் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த ஷெட்டின் சரக்கைத் தைரியமாகச் சொல்வேன், ஐந்துக்கு நான்கு மார்க். ஒரு மார்க் குறைத்தது ஹோஸ் விஷயத்தை முன்கூட்டியே சொல்லாததற்கும் அந்த டிசம்பர் டிரம்முக்கும். இடம் வேண்டுமென்றால் காசிமேடு ஸ்டாண்டில் விடிவதற்கு முன் யாரைக் கேட்டாலும் என்னைக் காட்டுவார்கள், நேரில் வழி சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை லீவு. மற்ற நாளில் பதினொரு மணிக்குள் போனால் ஓனரே இருப்பார். கேன் நீங்களே கொண்டுபோக வேண்டும், உள்ளே காய்ந்திருக்க வேண்டும், தண்ணீர் கேன் வேண்டாம். ஒரு காலிக் கண்ணாடி பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள். வாசலிலேயே குழாய் இருக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் உட்கார்ந்து பிரிகிறதா என்று பாருங்கள். நான் உட்காரும்போது டீ வாங்கித் தருகிறார்.